வாள் மட்டுமா ஷரீஅத்?

நாட்டின் ஏதேனும் ஒரு மூலையில் ஒரு பெண்ணோ பிஞ்சுக் குழந்தையோ சிதைக்கப்பட்டுக் கொலையுண்ட செய்தி நாளிதழில் வரும்போதெல்லாம், தேநீர்க் கடையின் விசிப்பலகையிலிருந்து அரசியல் மேடைவரை ஒரே குரல் எழக் காண்கிறோம். "இதற்கெல்லாம் அரபு நாட்டுச் சட்டந்தான் சரி, நடுத்தெருவில் நிறுத்தித் தலையைச் சீவ வேண்டும்" என்பதே அக்குரல். அதை எழுப்புவோரிற் பலர், ஆண்டின் ஏனைய நாட்களில் ஷரீஅத் என்னும் சொல் காதில் விழுந்தாலே முகஞ்சுளிப்பவர்கள். மணவிலக்கிலும் வாரிசுரிமையிலும் அச்சட்டம் காலத்துக்கு ஒவ்வாதது என்று கட்டுரை தீட்டுபவர்கள். அவர்களுக்குத் திடீரென்று அதன்மேல் காதல் பிறந்துவிடுகிறது. முழுச் சட்டத்தின்மேலும் பிறந்த காதலன்று அது. அதிலுள்ள வாளின்மேல் மட்டும் பிறந்தது.

இஃது அவர்தம் பிழை. நம்மவர் பிழை இதனினும் பெரிது. அக்குரலைக் கேட்டதும் நம்மவர் உள்ளம் குளிர்கிறது. "பார்த்தீர்களா, கடைசியில் நம் மார்க்கத்தின் அருமை அவர்களுக்கும் தெரிந்துவிட்டது" என்று தோளைத் தட்டிக்கொள்கிறோம். நாம் இதைப் பிறர்மேல் சுமத்திவிட்டு ஒதுங்கிக்கொள்ள விரும்பவில்லை. 2013ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் வெள்ளிக்கிழமை. டில்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமையால் நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரம். ஜும்ஆத் தொழுகை முடிந்து மத்ரஸாவின் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, பொறியியல் பயிலும் இளைஞர் ஒருவர் வந்து ஸலாம் உரைத்து, "ஹஜ்ரத், இப்போது எல்லாரும் நம் சட்டத்தைத்தான் கேட்கிறார்கள்" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு பெருமிதம். நாம் புன்னகைத்தோம். மறுத்து ஒரு சொல்லும் உரைத்தோமில்லை. முப்பதாண்டுக் காலம் அரபுக் கிதாபுகளோடு பழகிய ஒருவன் அன்று வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

ஐந்து நாட்கள் கழிந்தன. ஜனவரி 9ஆம் நாள், சவூதி அரேபியாவின் தவாத்மி நகரில், தமிழ் பேசும் முஸ்லிம் பெண்ணொருத்தியின் தலை வாளால் துண்டிக்கப்பட்டது. இலங்கையின் மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் என்பது அவள் பெயர்.

இன்றைய இளைஞர் பலர் அப்பெயரை மறந்திருப்பர்; சிலர் கேட்டே இருக்கமாட்டார். ஆகவே செய்தியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வறுமையினால் வீட்டுப் பணிப்பெண்ணாக 2005ஆம் ஆண்டு மே மாதம் அவள் அந்நாட்டுக்குச் சென்றாள். கடவுச்சீட்டு அவள் 1982இல் பிறந்தவள் என்றது. ஊரிலிருந்த பிறப்புச் சான்றிதழோ 1988 என்றது. அனுப்பிய முகவர்கள் வயதைக் கூட்டி எழுதுவித்தனர் என்பதே குடும்பத்தார் கூற்று. சென்ற சில வாரங்களுக்குள், அவள் பொறுப்பில் விடப்பட்ட நான்கு மாதக் குழந்தை இறந்துபோயிற்று. புட்டிப்பால் கொடுக்கையில் புரையேறிற்று, கழுத்தையும் மார்பையும் தடவிக்கொடுத்துப் பார்த்தேன் என்றாள் அவள். கழுத்தை நெரித்துக் கொன்றாள் என்றனர் குழந்தையின் வீட்டார். காவலில் வைத்து எழுதப்பட்ட வாக்குமூலத்தில் அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக இருந்தது. பின்னர் நீதிமன்றத்தில் அதை மறுத்தாள். வற்புறுத்திப் பெற்றனர் என்றாள். விசாரணையின்போது அவளுக்கு வழக்கறிஞர் இல்லை. 2007 ஜூன் மாதம் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2010இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. இலங்கை அரசு மன்றாடிற்று, ஐ.நா.வின் மனித உரிமை அலுவலகம் வேண்டிற்று. குழந்தையின் பெற்றோர் மன்னிக்கவில்லை. ஏழரை ஆண்டுச் சிறைவாசத்துக்குப் பின்னர் வாள் இறங்கிற்று.

டில்லித் தெருக்களில் "அரபு நாட்டுச் சட்டம் வேண்டும்" என்று முழங்கிய அதே கிழமையில், அந்நாட்டின் தீர்ப்பு நம் மொழி பேசியவள் ஒருத்தியின்மேல் நிறைவேறியது. திண்ணையில் நாம் புன்னகைத்தது நெஞ்சில் முள்ளாக இன்றும் கிடக்கிறது.

ஆத்திரத்தில் எழுதுவது எளிது. நாம் கற்ற கல்வி அதனை அனுமதிக்கவில்லை. ஆகவே பிக்ஹு நூல்களைத் திறந்து வைத்துக்கொண்டே பேசுவோம். முதலில் வயது. அவள் சிறுமி, ஆகவே தண்டித்தது தவறு என்று பலரும் எழுதினர். உலக நாடுகளின் உடன்படிக்கைகளின்படி அவ்வாதம் சரியே; பதினெட்டு நிரம்பாதவர் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாதென்று சவூதி அரேபியாவும் கையொப்பமிட்ட குழந்தை உரிமை உடன்படிக்கை கூறுகிறது. ஆனால் பிக்ஹின்படி அவ்வாதத்தை மட்டும் நம்பி நிற்க இயலாது. பருவமடைதலே அங்கு எல்லை. அது தெரியாதபோது பதினைந்து வயது என்பர் இமாம் ஷாபிஈ (ரஹ்). பெண்ணுக்குப் பதினேழு என்பது இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் கருத்து. நமக்குச் சாதகமில்லாததை மறைத்துவிட்டுச் சாதகமானதை மட்டும் எடுத்துவைப்பது ஆலிமின் வேலையன்று. அதனால் இதனைச் சொல்லிவைத்தோம்.

அப்படியானால் தீர்ப்பு ஷரீஅத்துக்கு உகந்ததா? இல்லை என்கிறோம். காரணம் வயதினும் ஆழமானது.

கொலையைப் புகஹாக்கள் ஒரே வகையாகக் கொள்வதில்லை. கொல்லும் நோக்கோடு கொல்லும் தன்மையுள்ள செயலைச் செய்வது ஒன்று. அடிக்க எண்ணி அடித்தது மரணத்தில் முடிவது மற்றொன்று. தவறுதலால் நேர்வது பிறிதொன்று. இம்மூன்றனுள் முதல் வகைக்கு மட்டுமே கிஸாஸ். ஏனைய இரண்டிற்கும் திய்யத் என்னும் உயிரீட்டுத் தொகை. உயிருக்கு உயிர் இல்லை. பதினேழு வயதுப் பெண், தாயாகி அறியாதவள், நான்கு மாதக் குழந்தைக்குப் பால் புகட்டுகிறாள், குழந்தை இறந்துபோகிறது. இங்கே கொல்லும் நோக்கம் இருந்ததென்று காட்டுவது எது? குழந்தையின் உடல் அறுத்துச் சோதிக்கப்படவில்லை என்று அவள் சார்பில் பேசியோர் கூறினர். எஞ்சியது அவள் வாக்குமூலம் ஒன்றே.

வாக்குமூலம் சான்றுகளின் அரசன் என்று நினைப்போர் உளர். வற்புறுத்திப் பெற்ற ஒப்புதல் செல்லாது என்பது நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் இமாம் நவவியின் மின்ஹாஜ் காட்டும் தெளிவான சட்டம். பசித்தவன், அச்சுறுத்தப்பட்டவன், அடைத்துவைக்கப்பட்டவன் ஆகியோர் தமக்கெதிராகச் சொல்வதை நம்பலாகாது என்பது கலீபா உமர் (ரலி) அவர்களின் கொள்கையென்று இமாம் அபூயூஸுப் தம் கராஜ் நூலில் பதிவு செய்கிறார். தாமே வந்து குற்றத்தை ஒப்புக்கொண்ட தோழரிடமிருந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீண்டும் மீண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டதும், அவருக்குப் பித்தேதும் உண்டா என விசாரித்ததும் ஹதீஸ் பயிலும் சிறுவனும் அறிந்த வரலாறு. அது ஹத்து வகையைச் சேர்ந்தது; கிஸாஸ் மனிதனின் உரிமை சார்ந்தது; அதில் ஒப்புதலைப் பின்வாங்கினால் மட்டும் தண்டனை விலகிவிடாது என்பதையும் நாம் அறிவோம். ஆயினும் பின்வாங்குதல் வேறு, முதலிலேயே வற்புறுத்தப்பட்டேன் என்பது வேறு. முன்னதை நீதிபதி தள்ளலாம். பின்னதை விசாரியாமல் தள்ளுதற்கு அவருக்கு அதிகாரமில்லை.

இனி இவ்வழக்கின் உயிர்நிலைக்கு வருவோம். அரபு அறியாத அப்பெண்ணின் தமிழை அரபாக்கியவர் யார்? முறையாக அங்கீகரிக்கப்பெற்ற மொழிபெயர்ப்பாளர் அவர் அல்லர் என்பதும், தமிழுக்கும் அரபுக்குமிடையே செம்மையாகப் பெயர்க்கும் திறன் அவருக்கிருந்ததா என்பது ஐயத்துக்குரியது என்பதும், வழக்கு முடியுமுன் அவர் அந்நாட்டைவிட்டே போய்விட்டார் என்பதும் அக்காலத்தில் பன்னாட்டு மனித உரிமை அமைப்பினர் வெளியிட்ட செய்திகள்.

மின்ஹாஜில் நீதிபரிபாலனம் பற்றிய பகுதியை ஓதியோர் அறிவர்: நீதிபதி அமர்த்திக்கொள்ளும் மொழிபெயர்ப்பாளருக்கு நேர்மை, அடிமையல்லாத தன்மை, எண்ணிக்கை ஆகியன நிபந்தனைகளாக அங்கு வைக்கப்பட்டுள்ளன. எண்ணிக்கை என்பதன் பொருள், ஒருவர் போதாது, இருவர் வேண்டும் என்பது. மொழிபெயர்ப்பு வெறும் செய்தி சொல்லுதலன்று, அது சாட்சியம். சாட்சியத்துக்கு இருவர் வேண்டுமாதலின் மொழிபெயர்ப்புக்கும் இருவர் வேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹபின் காரணம். ஹனபிகளில் இமாம் முஹம்மது அவர்களும் இருவர் என்றே கூறுகிறார். இமாம் அபூஹனீபாவும் அபூயூஸுபும் ஒருவர் போதும் என்பர். சவூதி நீதிமன்றங்கள் பின்பற்றுவதாகக் கூறும் ஹன்பலி மத்ஹபின் நிலை யாது? இப்னு குதாமாவின் முக்னியைப் புரட்டினால், நேர்மையான இருவர் வேண்டும் என்பதே முதற்கண் கூறப்படுவதைக் காணலாம். ஒருவர் போதும் என்பது இமாம் அஹ்மதிடமிருந்து வந்த மற்றோர் அறிவிப்பு. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னே, பாரசீகனும் துருக்கியனும் பர்பரியனும் காளியின் முன் வந்து நின்ற காலத்திலேயே, மொழி தெரியாதவன் உயிர் ஒரு மனிதனின் நாவில் தொங்கலாகாது என்று சிந்தித்த சட்டம் இது. அச்சட்டத்தின் பெயரால் மூதூர்ப் பெண்ணுக்குக் கிடைத்தது என்ன? ஒருவர், அவரும் தகுதி அறியப்படாதவர், பின்பு காணாமற் போனவர்.

மொழிபெயர்ப்பில் அப்படி என்ன பிழை வந்துவிடப்போகிறது என்று கேட்போர் இருக்கலாம். இரு மொழியிலும் ஓரளவு உழைத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறோம். தமிழில் "புரையேறிற்று" என்றால் பச்சைக் குழந்தைக்கும் விளங்கும். புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் தட்டும் நம் பாட்டிமார் கையில் வளர்ந்தவர்கள்தாமே நாம். அதனை அரபில் எப்படிச் சொல்வது? பாலைவனத்தில் ஆடு மேய்த்தும் கட்டடத்தில் கல் சுமந்தும் அரபு கற்றவருக்குச் சட்டென்று நாவில் வரக்கூடியது "இக்தனக" என்னும் சொல். மூச்சடைத்தது, திணறிற்று என்பது பொருள். அதே வேரிலிருந்து பிறந்தது "கனக" என்பது. கழுத்தை நெரித்தான் என்பது பொருள். தானாக அடைத்துக்கொண்டதற்கும் பிறர் நெரித்ததற்கும் இடையே அரபில் இரண்டே எழுத்துத்தான் தூரம். "கழுத்தைத் தடவினேன்" என்பது "கழுத்தைப் பிடித்தேன்" ஆவதற்கு அத்துணைத் தூரமும் வேண்டா. அவ்வழக்கில் இவ்வாறுதான் பிழை நேர்ந்தது என்று நாம் கூறவில்லை. அங்கே நாம் இருந்தோமில்லை. இவ்வாறு நேரக்கூடும் என்பதே ஷுப்ஹா, ஐயம். ஐயம் எழுந்தவிடத்துத் தண்டனையை விலக்கு என்பது நம் சட்டத்தின் தலையாய விதிகளுள் ஒன்று. மன்னிப்பதில் தவறுவது தண்டிப்பதில் தவறுவதைவிட நீதிபதிக்கு நல்லது என்ற கருத்தில் அமைந்த அறிவிப்பின் தொடர் பற்றி முஹத்திஸுகள் பேசியிருக்கலாம். அதன் கருத்தைப் புகஹாக்கள் பொதுவிதியாகவே ஏற்றுக்கொண்டனர். ஹத்தை மட்டுமன்றிக் கிஸாஸையும் ஐயம் விலக்கும் என்பது ஹனபி நூல்கள் விரித்துரைக்கும் சட்டம்.

இங்கே நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களுடனும் நமக்கொரு வழக்குண்டு. கிஸாஸ் என்னும் சொல்லைப் "பழிக்குப் பழி" என்று பெயர்த்துப் பெயர்த்து, படிக்கும் முஸ்லிமின் உள்ளத்திலேயே அது ஒரு வெறியின் பெயராகப் பதிந்துவிட்டது. பழிவாங்குதலுக்கு அரபில் வேறு சொல் உண்டு, "ஸஃர்" என்பார்கள். இஸ்லாத்துக்கு முந்திய அரபியரின் வழக்கம் அது. ஒருவனைக் கொன்றால் கொன்றவன் குலத்தில் பத்துப் பேரைக் கொல்வர். அடிமை கொல்லப்பட்டால் சுதந்திரனைக் கேட்பர். கிஸாஸ் என்பதன் வேர்ப்பொருளோ சுவடு பற்றிச் செல்லுதல். செய்தவன் எவனோ அவன் அடிச்சுவட்டிலேயே சென்று, அவனைத் தாண்டாமல், செய்ததை மிஞ்சாமல் நிற்பது. பழியை எல்லைக்குள் அடைத்த சொல்லை எடுத்து எல்லையற்ற பழிக்குப் பெயராக்கினோம். திருமறை கிஸாஸைக் கூறிய வசனத்திலேயே, கொலைகாரனைக் கொலையுண்டவரின் உறவினருக்குச் சகோதரன் என்று குறிப்பிட்டு மன்னிப்பின் வாயிலையும் திறந்துவைக்கிறது. வாரிசுகளுள் ஒரே ஒருவர் மன்னித்தாலும் கிஸாஸ் எல்லாருக்கும் விழுந்துவிடும். வாரிசு சிறுபிள்ளையாயின் அவன் வளர்ந்து பெரியவனாகும்வரை காத்திருக்க வேண்டும் என்பர் ஷாபிஈகள். தெருவில் நின்று "இன்றே வெட்டு" என்று கூவுவோர் கேட்கும் சட்டம் இதுவன்று.

குழந்தையின் பெற்றோர் மன்னிக்கவில்லையே என்பர். மகவை இழந்தவர்மேல் நமக்கு எக்குறையுமில்லை. மன்னிப்பது உரிமை, கடமையன்று. ஆனால் மன்னிப்புக் கேட்கும் கட்டம் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டபின் வருவது. மெய்ப்பிக்கப்படாத குற்றத்துக்கு ஏழாண்டு மன்னிப்புக் கேட்டுக் கையேந்தி நின்றது அவ்வழக்கின் கொடுமைகளுள் ஒன்று.

"ஒரு முஸ்லிம் நாட்டைப் பழிக்கிறீரே" என்று நம்மிடம் சினப்போர்க்கு ஒரு கேள்வி. அந்நாட்டில் 2024ஆம் ஆண்டில் மட்டும் 300க்கும் மேற்பட்டோருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவர்களுள் 100க்கும் மேற்பட்டோர் போதைப்பொருள் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள். பிழைப்புத் தேடிப்போன அயல்நாட்டு ஏழைகளும் அவர்களுள் அடக்கம். போதைப்பொருளுக்கு மரணம் என்பது திருமறையில் உண்டா? ஹத்துகளின் பட்டியலில் உண்டா? கிஸாஸில் உண்டா? தஃஸீர் என்னும் பெயரால் ஆட்சியாளர் தம் விருப்பப்படி வகுத்துக்கொண்டது அது. ஆட்சியாளரின் ஆணையை அல்லாஹ்வின் சட்டம் என்று நாம் ஏன் தலையில் தூக்கிச் சுமக்க வேண்டும்?

இனி நம் நாட்டுக்கு வருவோம். வாளைக் கேட்போர் வாழ்வது இங்கேதானே. ரிசானா கொல்லப்பட்ட இரண்டே கிழமைகளில், ஜனவரி 23ஆம் நாள், நீதிபதி வர்மா குழு டில்லியில் தன் அறிக்கையைத் தந்தது. பாலியல் வன்கொடுமைக்கு மரண தண்டனை கூடாது என்பது அக்குழுவின் பரிந்துரை. காவல்துறை புகாரை மறுக்காமல் பதிவுசெய்தல், மருத்துவப் பரிசோதனையைப் பெண்ணை இழிவுபடுத்தாமல் நடத்துதல், குற்றம் சாட்டப்பட்டோரைத் தேர்தலில் நிறுத்தாமை என்று உழைப்புக் கோரும் வழிகளையே அது நீளக் கூறிற்று. அரசு என்ன செய்தது? பிப்ரவரி 3ஆம் நாளே அவசரச் சட்டம் பிறப்பித்து, சில வகைகளுக்கு மரண தண்டனையைச் சேர்த்துக்கொண்டது. தூக்குக் கயிறு மலிவு. நல்ல காவல்நிலையம் செலவு. 2020 மார்ச் 20இல் அவ்வழக்கின் நால்வரும் தூக்கிலிடப்பட்டனர். அதன்பின் அத்தகைய செய்தி நாளிதழில் குறைந்துவிட்டதா என்பதை வாசகரே கூறட்டும். பெண்களைச் சிதைப்போரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் அவர்களுக்குத் தெரிந்தவர், உறவினர், அண்டைவீட்டார் என்று அரசின் குற்றப் பதிவே ஆண்டுதோறும் சொல்கிறது. சித்தப்பனுக்குத் தூக்கு என்றால் எந்த வீட்டுச் சிறுமியின் புகார் வாசற்படி தாண்டும்? கற்பழித்தாலும் தூக்கு, கொன்றாலும் தூக்கு என்றால், சாட்சி சொல்ல அவளை உயிரோடு விட்டுவைக்க அக்கயவனுக்கு என்ன காரணம் எஞ்சும்?

மராட்டிய மாநிலத்தில் 2003இல் நடந்த ஒரு கொடுங்கொலை வழக்கைப் பாருங்கள். நாடோடிக் கூட்டத்தைச் சேர்ந்த அறுவர் பிடிக்கப்பட்டனர். உயர்நீதிமன்றம் அவர்களுள் மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2009இல் உச்ச நீதிமன்றமோ அறுவருக்கும் தூக்கு என்றது. அதே உச்ச நீதிமன்றம் பத்தாண்டுகள் கழித்து, 2019 மார்ச் மாதம், அறுவரும் குற்றமற்றவர் என்று விடுதலை செய்தது. நேரிற் கண்ட சாட்சி காவல்துறையின் படத்தொகுப்பிலிருந்து வேறு நால்வரை அடையாளம் காட்டியிருந்தும், அவர்களை விசாரிக்கவே இல்லை என்பது அப்போது வெளிவந்தது. அறுவருள் ஒருவர் சம்பவத்தின்போது பதினெட்டு நிரம்பாதவர் என்பதும் இடையில் தெரிந்தது. ஆளுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் இழப்பீடு. "உடனே தூக்கு" என்போர் சொல்லைக் கேட்டிருந்தால் அவ்விழப்பீட்டைக் கபறுஸ்தானத்திலோ சுடுகாட்டிலோதான் கொடுத்திருக்க வேண்டும்.

ஐதராபாத்துக்கு அருகில் 2019 டிசம்பர் 6ஆம் நாள் அதிகாலையில் நால்வரைக் காவல்துறையினர் சுட்டுக் கொன்றபோது, மக்கள் அக்காவலர்மேல் பூத்தூவினர். நம் ஊரிலும் இனிப்பு வழங்கியோர் உண்டு. வழங்கியவருள் நம்மவரும் உண்டு. உச்ச நீதிமன்றம் அமர்த்திய சிர்புர்கர் ஆணையம், கொல்லும் நோக்கோடே சுடப்பட்டனர் என்றும், அவர்களுள் மூவர் வயது நிரம்பாதோர் என்றும் 2022இல் கூறிற்று. பூவைத் திரும்பப் பொறுக்கியவர் எவருமில்லை.

குறளைக் காட்டுவோரும் உளர். கொடியோரைக் கொல்வது பயிரில் களையெடுப்பது போன்றது என்று வள்ளுவர் சொல்லவில்லையா என்பர். சொன்னார்; செங்கோன்மை அதிகாரத்தின் கடைசிக் குறளில் சொன்னார். அதே அதிகாரத்தின் முதற் குறள் எதைப் பேசுகிறது என்று அவர்கள் பார்ப்பதில்லை. எவரிடத்தும் சாயாமல் குற்றத்தை ஆராய்ந்து தெளிந்து செய்வதே முறை என்பதை வாயிலில் வைத்துவிட்டுத்தான் களையெடுப்பைக் கொல்லைப்புறத்தில் வைத்தார். கொல்லைவழி நுழைவோருக்கு வாயில் தெரிவதில்லை. பொற்கொல்லன் சொல்லை நம்பி, விசாரியாமல், வெளியூரிலிருந்து வந்தவனை வெட்டுவித்த மதுரை மன்னன் கதையைப் பள்ளியில் படித்து மதிப்பெண் வாங்கிய மக்கள், விசாரணையே வேண்டாம் என்பது எத்தனை விந்தை!

கிஸாஸையே மறுக்கிறீரா என்று நம்மைக் கேட்பார் உண்டு. திருமறை அனுமதித்ததை மறுக்க நாம் யார்? ஆனால் பஞ்சம் வந்த ஆண்டில் திருட்டுக்குரிய தண்டனையைக் கலீபா உமர் (ரலி) நிறுத்திவைத்தபோது அவர்கள் திருமறையை மறுத்தார்கள் என்று எவரும் சொன்னதில்லை. நிபந்தனை இல்லாதபோது சட்டம் நிறைவேறாது என்பதே அதன் பொருள். அடித்துப் பெறும் வாக்குமூலம், விலைபோகும் சாட்சி, ஏழைக்கு வாய்க்காத வழக்கறிஞர் என்று இன்றைய காவல்நிலையமும் நீதிமன்றமும் இருக்கும்வரை, அவற்றின் கையில் உயிரெடுக்கும் அதிகாரத்தைக் கொடுக்கலாகாது. இந்நாட்டில் தூக்குக்குக் காத்திருந்தோரிடம் டில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தார் நேரிற் சென்று ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட அறிக்கை, அவர்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பொருளாதாரத்தில் நலிந்தோர் என்கிறது. செல்வன் குற்றம் செய்தால் விட்டுவிட்டு எளியவனைத் தண்டித்ததாலேயே முன்னைய சமுதாயங்கள் அழிந்தன என்று நாயகம் (ஸல்) எச்சரித்தது நினைவுக்கு வரவில்லையா? நாட்டின் சட்ட ஆணையமே 2015இல், பயங்கரவாதமும் நாட்டின்மேல் போர் தொடுத்தலும் தவிர ஏனைய குற்றங்களுக்கு மரண தண்டனையை ஒழிக்கப் பரிந்துரைத்தது. ஆலிம்கள் அதை வரவேற்றுப் பேசியிருக்க வேண்டும். மிம்பர்களில் அமைதியே நிலவிற்று.

அண்மையில் ஒரு நற்செய்தியும் கேட்டோம். தவறுதலால் நேர்ந்த ஒரு சிறுவனின் மரணத்துக்காக 2006 முதல் ரியாதில் சிறைப்பட்டிருந்த கோழிக்கோட்டு ஓட்டுநர் ஒருவருக்காக, 2024இல் மலையாளிகள் சாதி மதம் பாராது 34 கோடி ரூபாய் திரட்டித் திய்யத்தாகக் கொடுத்தனர். அவ்வாண்டு ஜூலையில் அவருடைய மரண தண்டனை நீக்கப்பட்டது. அண்டை வீட்டார் செய்ததைப் பார்த்தபின் நம் வீட்டைப் பார்க்கிறோம். வளைகுடா நாடுகளில் தமிழ் முஸ்லிம்களின் ஊர் ஜமாஅத்துகள், நலச்சங்கங்கள், பேரவைகள் எத்தனை எத்தனை! இப்தார் விருந்து வைக்கிறோம். கிராஅத் போட்டி நடத்துகிறோம். ஊரிலிருந்து பேச்சாளரை வானூர்தியில் அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். நள்ளிரவில் ஒரு காவல்நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால், உள்ளே அழுதுகொண்டிருக்கும் பணிப்பெண்ணின் தமிழை அரபாக்கித் தரத் தகுதிபெற்ற இருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எந்தச் சங்கத்தின் ஏட்டில் எழுதப்பட்டுள்ளன? ஆண்டுதோறும் நம் அரபுக் கல்லூரிகள் ஸனது கொடுத்தனுப்பும் ஆலிம்களில் எத்தனைபேர் பிழைப்புக்காக அதே நாடுகளில் கடைக்கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பது யாருக்குத் தெரியாது? நீதிமன்ற அரபு இவர்களுக்கு வாராததொன்றன்று. ஆறு மாதம் பயின்றால் வந்துவிடும். தூதரகங்களோடு பேசி அவர்களைப் பதிவுசெய்துகொள்ளச் செய்வதும் இயலாததன்று.

கல்லூரிகளின் நிர்வாகிகளுக்கு இதனை மூன்றுமுறை கடிதமாக எழுதினோம். ஒருவர் மட்டும் மறுமொழி அனுப்பினார். பாடத்திட்டத்தில் இடமில்லை என்றார். நான்காவது கடிதத்தை இவ்விதழ் வழியாக எழுதுகிறோம்.